அடங்காப்படையும் மாடிப்பழமும்

ஆத்துக்குறிச்சி வாழைக்காய் மண்டியின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, கண்டக்டர் நிஜாமுதீன் சாகிற நேரத்தில் வழக்கமாகக் கத்துகிற "மலரு!"வுக்குப் பதிலாக "அக்கா!" என்று கத்தினான், அவன் கத்தி வாய் மூடுவதற்குள் செம்மலரின் இடது காதிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஓர் இழை கிளம்பி, மின்விசிறிக் காற்றுக்கு ஒதுங்கி, அவள் தோளைச் சுற்றி இறங்கி, மாடியின் மரப்பலகை இடுக்கு வழியாகக் கீழே மண்டிக்குள் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலூன் கதிரேசன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "மலரு, காது புகையுது" என்றான், ஜாக்கெட்டில் நூல் பிரிந்திருக்கிறது என்று சொல்கிற குரலில். "தெரியும், நீ உன் ஆட்டத்தப் பாரு" என்றாள் அவள்.

நிஜாமுதீன் செத்தது செல்போனுக்குள். ஏழு கோட்டை என்கிற விளையாட்டில் தனியாகப் போகிறவன் முதல் கோட்டை வாசலையே தாண்டமாட்டான், அதனால் ஊருக்கு ஊர் ஆட்கள் கூட்டணி கட்டிக்கொண்டு போவார்கள், அந்தக் கூட்டணிக்குப் பெயர் கில்டு. ஆத்துக்குறிச்சியில் இருந்த கில்டுக்குப் பெயர் அடங்காப்படை. மொத்தம் பதினொரு பேர். தலைவர், மண்டி மாடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற ஆரோக்கியசாமி. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அத்தனை பேரும் அந்தக் கடைக்குள் வந்து, பிரித்துப்போட்ட போன்களை ஒதுக்கிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்து போருக்குப் போவார்கள்.

அந்தப் படையை மூன்று வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது ஆரோக்கியசாமியும் செம்மலரும்தான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், படையில் ஹீலர். ஹீலர் யாரையும் கொல்லமாட்டாள். அடிபட்டவனுக்கு உயிர் ஊட்டுவாள், விழுந்தவனைப் பத்து நொடிக்குள் எழுப்புவாள், ஜெயித்த பிறகு திரையில் வருகிற வீராதிவீரர் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. இருக்காது என்று அவளுக்கும் தெரியும், அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, ஏனென்றால் அவளுக்கு வேறொன்று கிடைத்துக்கொண்டிருந்தது: விழுகிறவன் எவனாக இருந்தாலும், கடைசி மூச்சில், கெட்ட வார்த்தைகூட மறந்துபோகிற அந்த இடத்தில், "எழுப்பு மலரு!" என்றுதான் கத்துவான். வாரம் முழுக்க அவளை "சிஸ்டர்" என்றும் "மேடம்" என்றும் "ஊசி போடுற பொண்ணு" என்றும் கூப்பிடுகிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் ஒன்பது பேர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்தார்கள். அது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், தங்கள் பெயரை அப்படி யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேச வரட்டும்.

பிறகு வேதவல்லி வந்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், உடைந்த திரையை மாற்ற ஆரோக்கியசாமியின் கடைக்கு வந்து, காத்திருந்த ஒன்றரை மணிநேரத்தில் இவர்கள் ஆடியதைப் பார்த்து, "நானும் ஏறலாமா?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்பதுபோலக் கேட்டாள். மூன்றாம் வாரமே அவளும் ஹீலர். நாற்பது லைன்களை ஒரே காதில் பிரித்துக் கேட்ட பெண்மணிக்குப் பத்துப் பேர் சாகிற சத்தத்தைப் பிரிப்பது ஒரு வேலையா? விழுந்தவனிடம், "லைன்ல இருங்க, வந்துட்டேன்" என்பாள். அவன் விழுந்த வலி பாதி போய்விடும். நிஜாமுதீனின் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பாள், கதிரேசனின் தம்பி பரீட்சை தேதி அவனுக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். செம்மலர் குறை தேடிப் பார்த்தாள். ஒரு ஓட்டை கிடைத்திருந்தால் அந்த ஓட்டை வழியாகவே அவள் புகை வெளியே போயிருக்கும். கிடைக்கவில்லை, அதனால் காது வழியாகப் போனது.

மறுநாள் இரண்டு காதிலும் வந்தது. புதன்கிழமை தலை வகிட்டிலும். பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரியவர், "மேடம், புகையுதே" என்றார். "ஆமாங்கய்யா, கைய மடக்காம நீட்டுங்க" என்று அவள் ரத்தம் எடுத்தாள். வீட்டில் அவள் தங்கை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்து முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள், சாம்பிராணிச் செலவு மிச்சம் என்று அம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

"அக்கா, குறையுது பாரு. அந்த வேதவல்லிய ஒரு தடவ நெனச்சுக்கோயேன், பின்பக்கம் இன்னும் காயல."

"எந்திரிச்சுப் போடி."

"ஆங், இப்ப வருது, இப்ப வருது!"

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் விட்டது, இதை விட. மண்டித் தெருவில் கொசு ஒழிந்தது, அதனால் அந்தத் தெருவில் யாரும் புகார் சொல்லவில்லை. எதிர்வீட்டில் வடகம் பிழிந்தவர்கள் மழை நாளில் தாம்பாளத்தோடு மாடிக்கு வந்து "ஒரு ஓரமா வச்சுட்டுப் போறோம்" என்றார்கள். யாரோ தகவல் சொல்லித் தீயணைப்பு வண்டி வந்தது, அதிகாரி ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார், நெருப்பில்லாமல் புகையாது என்று அவர் படித்திருந்தார், நெருப்பைக் காணோம், கடைசியில் செம்மலரின் எதிரே நின்று தொப்பியைக் கழற்றி, "எங்கம்மா எரியுது?" என்றார். அவள் வயிற்றைக் காட்டினாள். "அதுக்கு எங்ககிட்ட ஹோஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு சீப்புப் பழத்தோடு இறங்கிப் போனார்.

அதற்குள் மாடியில் புகைகிறவர்கள் ஆறு பேர் ஆகியிருந்தார்கள். கதிரேசனுக்கு, முதல் அடி அடிக்கிற பொறுப்பை நிஜாமுதீனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று புகைந்தது. நிஜாமுதீனுக்கு, ஆட்டத்தில் கதிரேசனுக்குக் கிடைத்த வாளைப் பார்க்கும்போதெல்லாம் புகைந்தது. ஆரோக்கியசாமிக்கு, தலைவர் தானாக இருக்க எல்லாரும் யோசனை கேட்பது வேதவல்லியிடம் என்று கழுத்துப் பட்டை வழியாகக் கசிந்தது. ஆனால் ஊர் என்ன பேசியது தெரியுமா? "ரெண்டு பொம்பளைங்க ஒரு எடத்துல இருந்தா புகையத்தான் செய்யும்." ஆண்களின் புகையை யாருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள். பார்த்துவிட்டு "பீடி" என்றார்கள். பீடியை விட்டு நாலு வருஷமான ஆரோக்கியசாமியை அவர் மனைவி வாசலில் நிற்கவைத்து வாயை ஊதிக்காட்டச் சொன்னாளே தவிர, அந்த மனுஷனுக்கு வயிறு எரியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஒரே புகை, பெண் காதிலிருந்து வந்தால் குணம், ஆண் காதிலிருந்து வந்தால் பழக்கம்!

இந்தப் புகையால் உண்மையிலேயே வாழ்ந்தது ஒருவர்தான், அவர் கீழே இருந்தார். மண்டிக்காரர் பெருமாள்சாமி, வழக்கமாக வாழைத்தார்களை இருட்டறையில் அடுக்கி, பானையில் வைக்கோலைக் கனியவைத்து ஊதி, மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பார். இரண்டு நாள் ஆகும், ஒரு பக்கம் பழுத்தால் ஒரு பக்கம் காயாக நிற்கும். செம்மலரின் புகை இறங்கிய மறுநாள் காலை அறையைத் திறந்தவர், அறுபது பூவன் தாரும் காம்பு முதல் நுனி வரை ஒரே மஞ்சளாக, தங்கத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல நிற்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ருசியோ, சாப்பிட்டவன் பக்கத்து இலைக்காரன் பழத்தையும் எட்டிப் பார்க்கிற ருசி. மாடிப்பழம் என்று அதற்குப் பெயர் வந்தது. நிச்சயதார்த்தத் தட்டில் மாடிப்பழம் இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள்.

பெருமாள்சாமி கெட்டவர் இல்லை, வியாபாரி. வைக்கோல் தீர்ந்தால் வைக்கோல் வாங்குகிறவர், புகை குறைந்தால் என்ன செய்வார்? மாடிக்குப் பதினொரு டீயும் பத்து வடையும் அனுப்பினார். மரச்சாமான் கடையிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று வாங்கி, "அம்மா வயசுல பெரியவங்க, தரையில உக்காரக்கூடாது" என்று வேதவல்லிக்குப் போட்டார். அடுத்த வாரம் செம்மலரைப் பார்த்து, "நீ இருந்தவரைக்கும் படை எப்படி இருந்துச்சு!" என்றார். இருந்தவரைக்கும்! அவள் அங்கேயேதான் இருந்தாள். அன்று வந்த புகையில் நூற்றிருபது தார் பழுத்தது.

வேதவல்லி அந்த நாற்காலியில் நுனியில்தான் உட்கார்வாள், சாய்ந்து பார்த்ததில்லை. அதைச் செம்மலர் கவனித்தாள், கவனித்து அதற்கும் எரிந்தாள், சாய்ந்து உட்கார்ந்திருந்தால் திமிர் என்று சொல்லியிருக்கலாமே என்று. வேதவல்லி அவளை "அம்மாடி" என்றுதான் கூப்பிடுவாள். "அம்மாடி, இடது பக்கம் நீ பாத்துக்க." இடது பக்கம் என்றால் கதிரேசனும் இன்னும் மூன்று பேரும். வலது பக்கம் ஆரோக்கியசாமி, நிஜாமுதீன் உள்பட ஐந்து பேர். எண்ணிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே செம்மலர் ஒவ்வொரு வாரமும் எண்ணினாள்: மலரு எத்தனை, அக்கா எத்தனை. ஒரு ஞாயிறு, நாலுக்குப் பதினேழு. படுத்தால் அந்தப் பதினேழும் வரிசையாக வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்தன.

அப்போதுதான் "ஒரே ரத்தம்" அவளைத் தேடி வந்தது. மாவட்டத்திலேயே பெரிய கில்டு, நாற்பது பேர், அட்டவணை உண்டு, விதிமுறை உண்டு, போர் நேரத்தில் போரைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை உண்டு. தலைவர் எழுதியிருந்தார்: "சிஸ்டர், உங்கள் படையில் புகைச்சல் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் ஒருவர் காதிலும் புகை கிடையாது. தலைமை ஹீலர் பொறுப்பு தருகிறோம்." செம்மலர் கதிரேசனிடம் காட்டினாள். "நீ போனா நானும் வரேன், இடது பக்கத்துல நாலு பேரும் வருவோம்" என்றான் அவன். பதினொன்றில் ஐந்து போனால் மிச்சம் படை இல்லை, திண்ணென்று நின்ற சுவரில் பாதியை உருவியது மாதிரி. "அடங்காப்படையிலிருந்து விலகுகிறேன்" என்று அவள் எழுதி வைத்தாள். அனுப்பவில்லை. ஏழாம் கோட்டைப் போர் வருகிற ஞாயிறு, எதிரி அதே ஒரே ரத்தம், அதை முடித்துவிட்டு அனுப்பலாம் என்று போனிலேயே வைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் நடந்த வழியெல்லாம் புகை அவளுக்கு முன்னால் போய், அவள் வருகிறாள் என்று சொல்லியது.

ஞாயிறு நாலு மணிக்குப் போர். மாடி ஜன்னல் இரண்டையும் பெருமாள்சாமி கீழேயிருந்து ஆள் அனுப்பி, தூசி வருகிறது என்று சாத்தவைத்திருந்தார். கல்யாண ஆர்டருக்காக இருநூறு தார் இறக்கியிருந்தார். நாலரைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. போனை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தால்தான் திரை தெரிந்தது. பதினொரு பேரும் இருமிக்கொண்டே ஆறு வாசல்களை உடைத்தார்கள், உடைத்திருக்கவே முடியாது, ஆனால் புகைக்குள்ளிருந்து வேதவல்லியின் குரல் மட்டும் கிணற்றுக் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது: "கதிரேசன் லைன்ல இருங்க. ஆரோக்கியம், பின்னாடி வாங்க. அம்மாடி, நிஜாமுக்கு நீ போடு, நான் வாசலுக்குப் போறேன்." செம்மலர் போட்டாள். மூன்று வருஷத்துப் பழக்கம், விரல்களுக்கு வயிற்றெரிச்சல் தெரியாது. நிஜாமுதீன் மூச்சிழுத்தால் பாயப்போகிறான், கதிரேசன் சும்மா இருந்தால் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்குத் திரையே வேண்டாம். இரண்டு ஹீலரும் அன்று போல என்றும் ஆடியதில்லை. ஏழாம் வாசல் பாதி உடைந்தது.

அப்போது வாசலடியில் வேதவல்லி விழுந்தாள். ஐம்பது அடி உயரத்திலிருந்து எவனோ போட்ட நெருப்புருண்டை. அவள் உருவத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று தோன்றி, பத்து என்று காட்டி, சுருங்க ஆரம்பித்தது. வேதவல்லி அம்மாடி என்று கூப்பிடவில்லை.

"மலரு!" என்றாள். "எழுப்பு மலரு!"

செம்மலரின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. ஒரு நெல்லுமணி இடைவெளி. வளையம் ஒன்பது, எட்டு என்று சுருங்கியது. அழுத்தத்தான் போகிறோம் என்று அவள் நினைத்தாள்; நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. இந்தப் பொம்பளைகூட என் பெயரைச் சொல்கிறாளே என்று தோன்றியது. நாலு. இவளும் விழட்டும், விழுந்தால் எப்படி இருக்கிறது என்று இவளுக்கும் தெரியட்டும் என்று தோன்றியது, அது தோன்றியபோது அவளுக்கு இனிப்பாக இருந்தது, மாடிப்பழம் மாதிரி இனிப்பு. இரண்டு. ஒன்று.

குரல் அறுந்த படை இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏழாம் கோட்டைமேல் ஒரே ரத்தத்தின் கொடி ஏறியது.

"நெட்டு போச்சா?" என்றார் ஆரோக்கியசாமி புகைக்குள்ளிருந்து. "மலரு, லேக் ஆச்சா உனக்கு?"

லேக் என்பது அந்த உலகத்தில் எல்லாப் பாவத்துக்கும் பரிகாரம். கட்டைவிரல் அழுத்தியது, நெட்டு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள், நம்பாதவனும் கேட்கமாட்டான், நாளைக்கு அவனுக்கும் அது தேவைப்படும். "ஆமா, லேக்குதான்" என்று கதிரேசனே அவளுக்காகச் சொன்னான்.

"லேக் இல்ல" என்றாள் செம்மலர்.

"பின்ன?"

"பாத்துக்கிட்டே இருந்தேன். எழுப்பல."

ஆரோக்கியசாமி புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன்?"

"பொறாம." அந்தச் சொல்லை அவள் இதற்குமுன் வாயால் சொன்னதில்லை, சொன்னபோது பல் கூசியது. "நீங்க எல்லாரும் சாகும்போது என் பேரத்தான் கூப்பிடணும். மூணு வருஷமா அப்படித்தான் கூப்டீங்க. இப்ப அக்கா, அக்கா, அக்கா. போன வாரம் பதினேழு. எண்ணுனேன். எனக்கு எரியுது. ஒரே ரத்தத்துக்குப் போகலாம்னு எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"அதுக்காகக் கோட்டைய விட்டுட்டியா?" நிஜாமுதீன் எழுந்துவிட்டான், போனைப் பையில் திணிக்கிற சத்தம் கேட்டது. "நாலு மாசம் மலரு! டூட்டி மாத்தி, பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லி, நாலு மாசம்! எரிஞ்சா சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"நீ சொன்னியா, கதிரேசன் வாளப் பாத்து எரியுதுன்னு?"

"அது பீடி."

"பீடியாம்!"

நிஜாமுதீன் கதவைத் திறந்துகொண்டு போனான். திறந்த கதவு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அந்த வெளிச்சத்தில் எல்லாரும் கைவைத்த நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே புகை மற்ற எல்லா இடத்தையும்விடக் கெட்டியாக, கரும்பாலைப் புகைபோலச் சுருண்டு சுருண்டு எழுந்தது. அத்தனை நாள் அது செம்மலரின் புகை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள், செம்மலர் உள்பட. அது வேதவல்லியின் கொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"என்னுது ஒன்னோடதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு" என்றாள் வேதவல்லி. "முடி நரச்சிருக்கறதால தெரியல."

"உங்களுக்கு எதுக்குங்க எரியணும்? எல்லாரும் உங்களத்தான கூப்பிடுறாங்க?"

"என்னயா? அக்காவக் கூப்பிடுறாங்க. அக்கான்னா யாரு? காய்காரம்மாவும் அக்காதான், பஸ்ல சீட்டு கேக்கறவளும் அக்காதான்." அவள் குரல் ஆபரேட்டர் குரலாகவே இருந்தது, ஒரு நடுக்கம் இல்லை. "முப்பத்து நாலு வருஷம் ஆபரேட்டர், ஆபரேட்டர்னு கூப்ட்டாங்க. சாவு சேதி, கொழந்த பொறந்த சேதி, எல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. வேதான்னு ஒருத்தன் கூப்பிடல. மொத நாள் திரை மாத்த வந்தப்ப இந்தப் பசங்க மலரு மலருன்னு சாகுறதக் கேட்டேன். அதுக்குத்தான் சேந்தேன். நீ பதினேழு எண்ணுன. நான் அந்த நாலத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

செம்மலருக்கு இன்னும் எரிந்தது, ஆனால் எந்தப் பக்கம் எரிவது என்று புகைக்கே குழப்பம் வந்ததுபோல அது அவள் காதருகே சற்று நின்றது. அப்புறம் ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமி, பீடியை விட்டு நாலு வருஷம் ஆயிற்று என்று ஆரம்பித்தார். அப்புறம் கதிரேசன். அப்புறம், காதில் ஒன்றுமே வராத, படையில் சும்மா இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருந்த தபால்காரரின் மனைவி, பதினொரு டீக்குப் பத்து வடை வரும் ஒவ்வொரு வாரமும் தனக்குத்தான் வடை இல்லாமல் போகிறது என்றாள். ஆறு மணிக்கு எதிர்ச் சுவரில் காலண்டர் தெரிந்தது.

ஆறரைக்குப் பெருமாள்சாமி ஏறி வந்தார், ஒரு கையில் பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக நின்ற தார். "என்னம்மா இது, பாதியில நிறுத்திட்டீங்க? விடிஞ்சா முகூர்த்தம்!" தபால்காரரின் மனைவி அவர் மடியிலிருந்த வடைப் பொட்டலத்தை வாங்கி, எண்ணி, எழுந்து போன நிஜாமுதீனுக்கும் சேர்த்துப் பதினொன்றாகப் பிட்டாள்.

நிஜாமுதீன் இரண்டு ஞாயிறு வரவில்லை. கதிரேசன் மட்டும் ஒரே ரத்தத்துக்குப் போய்ப் பார்த்தான், பதினோராம் நாள் திரும்பி வந்தான். அங்கே அவன் போனதையும் யாரும் கேட்கவில்லை, வந்ததையும் யாரும் கேட்கவில்லை என்றான். அந்த மாதமே, ஏழாம் கோட்டையைப் பிடித்த அந்த நாற்பது பேர் கில்டு, ஒரு சண்டை இல்லாமல், ஒரு வசவு இல்லாமல், ஒருவர் காதிலும் ஓர் இழை புகை இல்லாமல், காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று விலகி, கடைசியில் தலைவர் ஒருவர் மட்டும் கோட்டைமேல் கொடியோடு நின்றார். "சிஸ்டர், உங்கள் படையில் இடம் இருக்குமா?" என்று அவர் எழுதியதைச் செம்மலர் படித்துக்காட்டினாள்.

"மொதல்ல காதக் காட்டச் சொல்லு" என்றான் வாசலில் நின்ற ஒருவன். மூன்றாம் ஞாயிறு அது. நிஜாமுதீன் செம்மலரைப் பார்க்காமல் வந்து, தன் இடத்தில் சுவரோரம் உட்கார்ந்து, போனை எடுத்தான். அவள் விலகல் கடிதத்தை அழித்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

அன்று இரண்டாம் வாசலிலேயே அவன் விழுந்தான். விழுந்தவன் வாயைத் திறந்தான், செம்மலரின் பக்கம் ஒரு தடவை பார்த்தான், பார்த்துவிட்டுக் கூரை அதிரக் கத்தினான்:

"வேதாக்கா! எழுப்புங்க வேதாக்கா!"

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வேதவல்லி அன்றுதான் முதன்முதலாக அதில் சாய்ந்தாள். செம்மலரின் இடது காதிலிருந்து மெல்லிசாக ஓர் இழை கிளம்பியது.

"மலரு, வருது" என்றான் கதிரேசன்.

"வரட்டும். வருதுன்னு நானே சொல்லத்தான போறேன். எனக்கு எரியுது, எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் வேதவல்லி, நிஜாமுதீனை எழுப்பிக்கொண்டே. "லைன்லயே இரு."

சிரிப்புச் சத்தம் பலகை இடுக்கு வழியாக இறங்கியது, புகை இறங்கவில்லை. கீழே, பச்சைத் தார்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பெருமாள்சாமியின் குரல் மட்டும் மேலே வந்தது:

"அம்மா! ஒரே ஒரு தாருக்காவது புகைங்கம்மா!"